நாவல் எழுத ஆரம்பிச்சவங்க கேக்கற கேள்விகள்: கூட யாரு இருப்பாங்க?

பன்னெண்டு வருஷமா நாவல் எழுதறேன், அதுல எட்டு வருஷமா நாலு பேர் இருக்கற ஒரு சின்னக் குழுவுல இருக்கேன், ஒருத்தர் எழுதினதை மத்த மூணு பேரும் படிச்சு சொல்லுவோம். புதுசா எழுத வர்றவங்க என்கிட்ட பேசும்போது கதை எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேக்கறதை விட இந்த மாதிரி கேள்விகள்தான் ஜாஸ்தி கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் டைப் பண்ணிட்டிருந்தேன், இப்ப எல்லாத்தையும் ஒரே இடத்துல சேத்துட்டேன். கேள்விகள் அவங்க கேட்ட வார்த்தைலயே இருக்கு.

எழுதறது தனியா செய்யற வேலைதானே, இதுக்கு எதுக்குங்க நண்பர்கள்?

உக்காந்து எழுதறது தனியாத்தான், அதுல யாரும் உதவ முடியாது. ஆனா நாவல்ங்கறது ரெண்டு வருஷம் மூணு வருஷம் இழுக்கற வேலை, அவ்ளோ நாளும் அப்படி ஒரு கதை இருக்குன்னே உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பாதி தாண்டினதும் ஒருநாள் 'இதை நான் இன்னிக்கு நிறுத்திட்டா யாருக்காவது தெரியுமா'ன்னு மனசுல வரும் பாருங்க, நான் பாத்த வரைக்கும் நெறைய பேர் நாவலை விட்டது அந்த இடத்துலதான். திறமை இல்லாம விட்டவங்க கம்மி. அந்த நேரத்துல ஒரே ஒருத்தர் 'அந்தப் பையன் கடைசில வீட்டுக்குப் போனானா இல்லையா'ன்னு கேட்டா போதும், மறுநாள் உக்காந்துடுவீங்க.

டோல்கீனை எடுத்துக்கோங்க. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுத ஆரம்பிச்சது 1937 கடைசில, முடிச்சது 1949ல, புத்தகமா வந்தது 1954லயும் 1955லயும். நடுவுல மாசக்கணக்கா நின்னுபோன காலமெல்லாம் இருக்கு. சி. எஸ். லூயிஸ் அவருக்கு 1926லேர்ந்து நண்பர், அத்தியாயம் அத்தியாயமா கேட்டவர், அடுத்தது எங்கன்னு விடாம கேட்டவர். லூயிஸ்கிட்டேர்ந்து தனக்குக் கெடைச்சது பாதிப்பு இல்ல, சுத்தமான ஊக்கம்தான், அது தீர்க்க முடியாத கடன்னு டோல்கீனே கடிதத்துல எழுதிருக்கார். அவ்ளோ பெரிய மொழி அறிஞருக்கே கேக்க ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கு.

நான் இன்னும் ஒண்ணுமே பப்ளிஷ் பண்ணல, என்னை யாரு மதிச்சு பேசுவாங்க?

உங்களை மாதிரியே ஒண்ணும் பப்ளிஷ் பண்ணாதவங்க பேசுவாங்க, உங்களுக்கு வேண்டியதும் அவங்கதான். பெரிய எழுத்தாளர் ஒருத்தர் நம்ம கையெழுத்துப் பிரதியைப் படிச்சு முதுகுல தட்டிக் கொடுப்பார்னு எல்லாருக்கும் ஒரு கனவு இருக்கும், எனக்கும் இருந்துச்சு. அவங்ககிட்ட ஏற்கனவே படிக்க வேண்டியது மலை மாதிரி கெடக்கும், அப்படியே படிச்சாலும் ஒரு தடவை, ரெண்டு வரி பதில். உங்க மூணாவது டிராஃப்ட்டையும் படிக்கற பொறுமை உங்க கூடவே ஓடிட்டிருக்கற ஆளுக்குத்தான் இருக்கும்.

'எழுத்தாளர்'னு சொல்லிக்கக் கூச்சமா இருந்தா சொல்லிக்க வேணாம். 'ஒரு நாவல் எழுதிட்டிருக்கேன், எழுபது பக்கம் ஆச்சு'ன்னு சொல்லுங்க. உண்மையா எழுதறவங்களுக்கு அந்த எழுபது பக்கத்தோட கஷ்டம் தெரியும், அதுக்கு மேல சர்டிஃபிகேட் கேக்க மாட்டாங்க.

சரி, எங்க போய் தேடறது? எழுதற ஆள் ஒருத்தரைக்கூட எனக்குத் தெரியாது

நூலகத்துல நடக்கற வாசகர் வட்டம், புத்தக வெளியீட்டுக் கூட்டம், எழுத்துப் பட்டறை, ஆன்லைன் எழுத்துக் குழு, இதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். போறவங்க பண்ற தப்பு என்னன்னா, போன மொத நாளே தன்னோட அத்தியாயத்தை நீட்டிடறாங்க. யாருன்னே தெரியாதவங்க முப்பது பக்கம் கொடுத்தா யாரு படிப்பா சொல்லுங்க.

திருப்பிப் போடுங்க. மொதல்ல நீங்க படிங்க. அங்க யாராவது எழுதினதைப் படிச்சுட்டு ஒரு இடத்தைக் குறிப்பா எடுத்துச் சொல்லுங்க, 'அந்தப் பெரியவர் செருப்பைத் தேடற இடம் நல்லா இருந்துச்சு, அங்கதான் அவருக்குக் கண்ணு சரியா தெரியலைன்னு புரிஞ்சுது'ன்னு. எனக்கு இன்னிக்கு இருக்கற நெருங்கின தோழி அப்படித்தான் கெடைச்சாங்க. ஒரு பட்டறைல அவங்க வாசிச்ச ரெண்டு பக்கத்துல ஒரு குடை வந்துச்சு, கம்பி ஒடஞ்ச குடை, அதை அந்தப் பாத்திரம் ஏன் தூக்கிப் போடலன்னு வெளிய வந்து கேட்டேன். வாசல்லயே நின்னு ஒரு மணி நேரம் பேசினோம். அவங்க எழுத்துல அந்தக் குடையை கவனிச்ச மொத ஆள் நான்தானாம்.

எழுதறவங்களா மட்டும் பாக்காதீங்க. நாவலா படிச்சுத் தள்ளற, ஆனா எழுதற ஆசையே இல்லாத ஒருத்தர் கெடைச்சா பத்திரமா வெச்சுக்கோங்க, அவங்க சொல்றதுல போட்டி கலந்திருக்காது.

வீட்ல யாருமே படிக்க மாட்டேங்கறாங்க, அதுதான் ரொம்ப வலிக்குது

இதைக் கேக்காதவங்களே இல்ல. வீட்ல இருக்கறவங்க படிக்காததுக்கு அன்பு இல்லாதது காரணமா இருக்கணும்னு இல்ல. பல பேருக்கு பயம். புடிக்கலன்னா எப்படி சொல்றது, கதைல நம்மளப் பத்தி எழுதிருந்தா என்ன பண்றது, தப்பா ஏதாவது சொல்லி மனசு ஒடஞ்சுட்டா என்ன பண்றதுன்னு. சில பேருக்கு நாவல் படிக்கற பழக்கமே கெடையாது, அவங்ககிட்ட முந்நூறு பக்கம் கொடுக்கறது நீச்சல் தெரியாதவங்களை ஆத்துல எறக்கற மாதிரி.

அவங்ககிட்ட வேற ஒண்ணு கேளுங்க, நேரம் கேளுங்க. ஹார்ப்பர் லீ ஏர்லைன் கம்பெனில டிக்கெட் ரிசர்வேஷன் வேலை பாத்துக்கிட்டே எழுதிட்டிருந்தவங்க. 1956 கிறிஸ்துமஸ் அன்னிக்கு நண்பர்களான ஒரு தம்பதி ஒரு வருஷத்துக்கான பணத்தைக் கொடுத்து, வேலைய விட்டுட்டு உனக்குப் புடிச்சதை எழுதுன்னாங்க. 1960ல 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வந்துச்சு. ஒரு வருஷம் கொடுக்க எல்லாராலயும் முடியாது, ஆனா வாரத்துல மூணு நாள் காலைல ஒரு மணி நேரம் கதவைத் தட்டாம இருக்க வீட்ல இருக்கறவங்களால முடியும். அதுவும் ஊக்கம்தான், அப்படிப் பாக்கப் பழகினதும் எனக்கு அந்த வலி பாதி கொறஞ்சுது.

மொத டிராஃப்ட் முடியறதுக்கு முன்னாடியே காட்டலாமா?

காட்டலாம், ஆனா திருத்தம் கேக்காதீங்க. பாதில இருக்கற நாவலை ஒருத்தர் பிரிச்சு மேய ஆரம்பிச்சா நீங்க மொத அம்பது பக்கத்தையே சுத்திச் சுத்தித் திருத்திட்டிருப்பீங்க, அம்பத்தொண்ணாவது பக்கம் வராது. இது என்கூட இருந்த ரெண்டு பேருக்கு நடந்தது, அதுல ஒருத்தர்கிட்ட மொத அத்தியாயம் பதினேழு வடிவத்துல இருக்கு, ரெண்டாவது அத்தியாயம் இல்ல.

அதனால கொடுக்கும்போதே சொல்லிடுங்க, 'இப்ப தப்பு சொல்ல வேணாம், படிச்சுட்டு அடுத்தது என்ன நடக்கும்னு நெனைக்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க'ன்னு. அவங்க சொல்ற ஊகம் உங்க கதை எந்தப் பக்கம் சாயுதுன்னு காட்டிடும். முழுசா முடிச்சப்பறம் பீட்டா ரீடர் வேலைக்கு, அதாவது வாசகரா முழுப் பிரதியையும் படிச்சுச் சொல்றதுக்கு, வேற ஒருத்தரை வெச்சுக்கோங்க. பாதி படிச்சவருக்குக் கதை ஏற்கனவே தெரிஞ்சுடும், புதுக் கண்ணு இருக்காது.

'எப்படி இருக்கு'ன்னு கேட்டா எல்லாரும் 'நல்லாருக்கு'ன்னு சொல்லி முடிச்சுடறாங்களே

அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். படிக்கறவங்களுக்கு விமர்சனம் பண்ணத் தெரியணும்னு அவசியமில்ல, அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லத் தெரிஞ்சா போதும். எங்க போர் அடிச்சுது, எங்க ஒரு வரியத் திரும்பிப் போய்ப் படிச்சீங்க, யாரு யாருன்னு எங்க குழம்புச்சு, எந்த இடத்துல கீழ வெச்சுட்டு வேற வேலைக்குப் போனீங்க. இப்படிக் கேளுங்க.

எங்க குழுவுல ஒருத்தர் பிரிண்ட் எடுத்துத்தான் படிப்பார். படிக்கறதை எங்க நிறுத்தறாரோ அந்த ஓரத்துல பென்சில்ல சின்னதா ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதுவார். என்னோட ரெண்டாவது நாவல் அவர்கிட்டேர்ந்து திரும்பி வந்தப்ப, மொத நூறு பக்கத்துல ரெண்டே கோடு, நூத்தி பத்துலேர்ந்து நூத்தி நாப்பதுக்குள்ள ஒன்பது கோடு. 'நல்லாத்தான் இருந்துச்சுங்க'ன்னு வாயால சொன்னார், கோடு வேற சொல்லுச்சு. அந்த முப்பது பக்கத்தை ஏழு பக்கமா சுருக்கினேன்.

யார்கிட்டயாவது கொடுத்தா கதையைத் திருடிட்டா என்ன பண்றது?

நீங்க எழுதின நொடியிலேயே அந்த எழுத்துக்குக் காப்புரிமை வந்துடுது, 1886ல ஏற்பட்ட பெர்ன் ஒப்பந்தத்துல சேந்த நாடுகள்ல அதுக்குப் பதிவு பண்ணணும்னு கட்டாயம் கெடையாது. உங்க வாக்கியங்களைத்தான் அது காப்பாத்தும், 'அண்ணன் தம்பி சொத்துச் சண்டை'ங்கற மாதிரி வெறும் ஐடியாவைக் காப்பாத்தாது. தேதியோட மெயில்ல அனுப்புங்க, பழைய டிராஃப்ட் எதையும் அழிக்காதீங்க, அது போதும். இன்னொருத்தரோட முடியாத நாவலைத் திருடி முடிக்கறது சொந்தமா ஒண்ணு எழுதறதை விடக் கஷ்டம், ஒரு நாவல் முடிச்சவங்க எல்லாருக்கும் இது தெரியும். இந்த பயத்துனால யார்கிட்டயும் காட்டாம பொட்டில வெச்சே நாவல் வீணாப் போனதைத்தான் அதிகம் பாத்திருக்கேன்.

ஒருத்தர் என் நாவலைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டார், மூணு மாசமா எழுதவே முடியல

மொதல்ல, மூணு மாசம்ங்கறது அதிகம் இல்ல. எனக்கு ஒரு தடவை ஏழு மாசம் ஆச்சு. ஒரு கூட்டத்துல ஒரு மூத்த எழுத்தாளர் எல்லார் முன்னாடியும் என் பிரதியைக் கைல வெச்சுக்கிட்டு 'இதுல மனுஷங்களே இல்லையேம்மா'ன்னார். அதுக்கப்பறம் அந்த ஃபைலைத் திறக்கவே கை வரல. கடைசில தோழி ஒருத்தி வந்து பக்கத்துல உக்காந்து, நீ படி நான் கேக்கறேன்னா. சத்தமா படிச்சேன். முப்பதாவது பக்கத்துல அவ அழுதா. மனுஷங்க இருந்தாங்க. ஆனா மொத இருபது பக்கத்துல இல்லைங்கறதும் அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அவர் அதுக்கு மேல படிச்சிருக்க மாட்டார்.

யாரு சொல்றதைக் கேக்கலாம்னு எனக்கு ஒரு அளவுகோல் இருக்கு. உங்க கதை என்னவாக ஆசைப்படுதுன்னு புரிஞ்சு சொல்றாங்களா, இல்ல அவங்க எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பாங்கன்னு சொல்றாங்களா? டோல்கீனும் நண்பர்களும் எழுதினதை வாசிச்சுக் காட்டின இங்க்லிங்ஸ் குழுவுலயே ஹியூகோ டைசன்னு ஒருத்தருக்கு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதை சுத்தமா புடிக்காது, கடைசி வருஷங்கள்ல அவர் இருந்தா அதை வாசிக்கறதையே நிறுத்த வேண்டியிருந்துச்சு. அவரும் நண்பர்தான், நல்ல அறிவாளிதான், அந்தப் புத்தகத்துக்கு அவர் ஆள் இல்ல, அவ்ளோதான். ஜார்ஜ் எலியட்ங்கற பேர்ல எழுதின ஆங்கில நாவலாசிரியைக்கு மோசமான விமர்சனம் எதுவும் கண்ணுல படாம அவங்க துணைவர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் ஒளிச்சு வெப்பார்னு படிச்சப்ப எனக்கு ஆறுதலா இருந்துச்சு. எழுதிட்டிருக்கற காலத்துல எதை உள்ள விடணும் எதை விடக்கூடாதுன்னு முடிவு பண்றது கோழைத்தனம் இல்லைங்க.

நண்பரோட நாவல் எனக்குப் புடிக்கவே இல்ல, எப்படி சொல்றது? நட்பு போயிடுமோன்னு பயமா இருக்கு

மேல சொன்ன அந்தக் கேள்விகளை இப்ப நீங்களே உங்களுக்குக் கேட்டுக்கோங்க, எங்க நிறுத்தினேன், எங்க குழம்புச்சு. அதைச் சொல்லுங்க. 'புடிக்கல'ங்கறது தீர்ப்பு, அதை வெச்சு அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. 'அவ ஊரை விட்டுப் போறது எனக்கு நம்பும்படியா இல்ல, ஏன்னா அதுக்கு முந்தின அத்தியாயத்துல சந்தோஷமா இருக்கா'ங்கறது வேலை செய்யக்கூடிய விஷயம்.

அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1926ல தன் நண்பர் ஹெமிங்வேயோட நாவல் பிரதியைப் படிச்சுட்டு, ஆரம்பம் சரியில்லைன்னு பக்கம் பக்கமா கடிதம் எழுதினார். ஹெமிங்வே அந்த ஆரம்பத்தை வெட்டிட்டார், 'தி சன் ஆல்ஸோ ரைசஸ்' அப்படி வெட்டித்தான் வெளிய வந்துச்சு. அச்சுக்குப் போற நேரத்துல அதைச் சொல்லாம இருந்திருந்தா அதுதான் துரோகம்.

ஆனா கேக்காம சொல்லாதீங்க. 'இப்ப உனக்கு என்ன வேணும், தட்டிக் கொடுக்கணுமா, குறை சொல்லணுமா'ன்னு நாங்க வெளிப்படையாவே கேட்டுப்போம். சில நாள் ஒருத்தருக்குத் தட்டிக் கொடுக்கறது மட்டும்தான் வேணும், அதைக் கேக்கறதுக்கு வெக்கப்பட வேண்டியதில்ல.

குழு ஆரம்பிச்சா ரெண்டே மாசத்துல செத்துப் போயிடுது, என்ன காரணம்?

நான் இருந்த மூணு குழு அப்படிப் போயிருக்கு, மூணுலயும் காரணம் ஒண்ணுதான், ஆள் ஜாஸ்தி. இருபது பேர் வாட்ஸ்அப் குரூப்ல காலை வணக்கம்தான் ஓடும். நாலு பேர், அஞ்சு பேருக்கு மேல வேணாம். சந்திக்கற நாள் மாறவே கூடாது, யாரும் ஒண்ணும் எழுதலைன்னாலும் சந்திக்கணும், எழுதாத மாசம்தான் முக்கியமா சந்திக்க வேண்டிய மாசம். ஒரு தடவைக்கு இவ்ளோ பக்கம்தான்னு ஒரு அளவு வெச்சுக்கோங்க.

1968ல ஆரம்பிச்ச கிளாரியன் மாதிரியான பட்டறைகள்ல ஒரு முறை உண்டு, சுத்தி இருக்கறவங்க ஒவ்வொருத்தரா பேசி முடிக்கற வரைக்கும் எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. எங்க குழுவுல அதைக் கொண்டு வந்தப்பறம்தான் சண்டை நின்னுச்சு. 'இல்ல இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா'ன்னு விளக்கற பழக்கம் இருக்கே, அது பாதி நேரத்தைத் தின்னுடும், படிக்கற வாசகர்கிட்ட போய் நீங்க பக்கத்துல உக்காந்து விளக்க முடியாதுல்ல.

வேகத்துக்காக மட்டும் சேந்து எழுதறதும் உண்டு. ஒரே மாசத்துல அம்பதாயிரம் வார்த்தைன்னு 1999 ஜூலைல 21 பேர் சேந்து ஆரம்பிச்சதுதான் நானோரைமோ, அடுத்த வருஷத்துலேர்ந்து நவம்பர்ல நடந்துச்சு, பின்னாடி லட்சக்கணக்கான பேர் அதுல எழுதினாங்க. அந்த அமைப்பை 2025ல மூடிட்டாங்க, ஆனா ரெண்டு பேர் போன்ல டைமர் வெச்சு, சத்தத்தை அணைச்சுட்டு, நாப்பது நிமிஷம் அவங்கவங்க எழுதறதுக்கு எந்த அமைப்பும் தேவையில்ல. நாங்க ஞாயித்துக்கிழமை காலைல இதைத்தான் பண்றோம்.

எனக்கு மனுஷங்ககிட்ட பேசறதே கஷ்டம், குழு கிழுன்னா ஓடிடுவேன்

அப்ப ஒருத்தர் போதும், நேர்ல பேசக்கூட வேணாம். ஸ்டைன்பெக் 1951ல 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' எழுதினப்ப பெரிய நோட்டுல இடது பக்கம் தன் எடிட்டரும் நண்பருமான பாஸ்கல் கோவிச்சிக்கு ஒரு கடிதம் எழுதுவார், வலது பக்கம் நாவல். இன்னிக்கு என்ன எழுதப் போறேன், பென்சில் சரியில்ல, மனசு சரியில்ல, எல்லாம் அதுல இருக்கும். ஜனவரி கடைசில ஆரம்பிச்சு நவம்பர் மொத நாள் வரைக்கும் அது ஓடிச்சு. அந்தக் கடிதங்களை அன்னன்னிக்கு அனுப்பினதில்ல, யாருக்கோ சொல்றோம்ங்கற நெனப்பே அவரை மேஜைல உக்கார வெச்சிருக்கு. உங்களுக்குப் புடிச்ச ஒருத்தரை நெனச்சு அந்த மாதிரி எழுதிப் பாருங்க, ஒருநாள் அதுல ஒண்ணை அனுப்பிடுவீங்க.

ஏஐகிட்ட கேட்டா உடனே ஃபீட்பேக் கெடைக்குதே, ஆள் எதுக்கு?

எழுத்துப்பிழை பாக்க, 'மூணாவது அத்தியாயத்துல அவ கண்ணு நெறம் மாறிடுச்சு'ன்னு கண்டுபிடிக்க உதவும், வேணாம்னு சொல்லல. ஆனா பென்சில் கோடு போட்ட நண்பரைப் பத்தி சொன்னேன்ல, அவருக்கு போர் அடிச்சுதுங்கறதாலதான் அந்தக் கோட்டுக்கு மதிப்பு. அந்த ஒண்ணை மெஷின்கிட்ட வாங்க முடியாது.

என் நண்பருக்கு புக் வந்துடுச்சு, எனக்கு இன்னும் வரல, பொறாமையா இருக்கு, இதை வெளிய சொல்லவே அசிங்கமா இருக்கு

அசிங்கம் இல்லைங்க. ஒரே நேரத்துல ஆரம்பிச்சவங்க ஒரே நேரத்துல முடிக்கறதில்ல. எங்க நாலு பேர்ல மொத புத்தகம் வந்தது ரொம்பத் தாமதமா சேந்தவருக்குத்தான். அந்த வெளியீட்டுக் கூட்டத்துல நான் மூணாவது வரிசைல உக்காந்து கைதட்டினேன், வீட்டுக்கு வந்து லைட்டைக்கூடப் போடாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ரெண்டும் உண்மை. ரெண்டு வாரம் கழிச்சு அவர்கிட்டயே சொன்னேன், 'உங்க புத்தகத்தைப் பாத்தா சந்தோஷமாவும் இருக்கு, வயிறும் எரியுது'ன்னு. அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, பதிப்பாளர்கள்கிட்டேர்ந்து தனக்கு வந்த பதினாலு நிராகரிப்பு மெயிலையும் எடுத்துக் காட்டினார். அதுவரைக்கும் அவர் அதை யார்கிட்டயும் காட்டினதில்ல.

சொல்ல முடியலைன்னா கொஞ்ச நாள் தள்ளி இருங்க, ஆனா அவர் புத்தகத்தைப் படிச்சுடுங்க. படிக்காம விட்டா அந்தப் பொறாமை கெட்டிப்பட்டுடும்.

நண்பர் சொல்றபடி எல்லாம் மாத்திட்டா அது என் நாவலா இருக்குமா?

எல்லாத்தையும் மாத்தாதீங்க. மூணு பேர் ஒரே இடத்துல முட்டிக்கிட்டா அங்க பிரச்சனை இருக்கு, அது உறுதி. ஆனா அதுக்கு அவங்க சொல்ற தீர்வு பெரும்பாலும் சரியா இருக்காது, ஏன்னா வலி எங்கன்னு அவங்களுக்குத் தெரியும், எதனாலன்னு உங்களுக்குத்தான் தெரியும். என் நாவல்ல கடைசி அத்தியாயம் சப்புன்னு இருக்குன்னு மூணு பேரும் சொன்னாங்க, மூணு பேரும் மூணு முடிவு எழுதிக் கொடுத்தாங்க. கடைசில நான் மாத்தினது நாலாவது அத்தியாயத்தை, அங்க ஒரு கடிதம் வந்து சேர்றதைக் காட்டாம விட்டிருந்தேன். கடைசி அத்தியாயத்துல ஒரு வரிகூடத் தொடல, அடுத்த தடவை யாரும் அதைப் பத்திப் பேசல.

என் நாவலைப் படிச்சுத் தூக்கி விட்ட நண்பர் இப்ப எழுதறதையே விட்டுட்டார், நான் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வி என்கிட்ட ரெண்டு தடவைதான் வந்திருக்கு, ஆனா எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. 'ஏன் எழுதல'ன்னு கேக்காதீங்க, அந்தக் கேள்வியை அவங்களே தினமும் அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இருப்பாங்க. அவங்க எழுதின பக்கங்கள் உங்ககிட்ட இருந்தா பத்திரமா வெச்சிருங்க. ஆர். கே. நாராயண் தன் மொத நாவலை யாரும் எடுத்துக்கலைன்னு வெறுத்துப் போய், ஆக்ஸ்ஃபோர்டுல இருந்த நண்பருக்கு, கல்லைக் கட்டி தேம்ஸ் நதில போட்டுடுன்னு எழுதினார். அந்த நண்பர் போடல. ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன்கிட்ட கொண்டு போய்க் கொடுத்தார், 1935ல 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' வந்துச்சு.

குடை வெச்சு கதை எழுதின என் தோழி மூணு வருஷமா எழுதல, வீட்ல ஒரு சாவு, அதுக்கப்பறம் நின்னுபோச்சு. அவங்களோட நூத்தி அறுபது பக்கம் என் மேஜை டிராயர்ல இருக்கு. அதுல கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணு படகுத்துறைல நின்னுட்டிருக்கா, குடைய விரிக்கலாமா வேணாமான்னு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அவங்களுக்கு மெசேஜ் அனுப்பறேன், 'அங்க இன்னும் மழை பெய்யுதா?' போன தடவை வரைக்கும் பதில் வந்ததில்ல. இந்தத் தடவை 'தூறல்'னு ஒரு வார்த்தை வந்துச்சு.